மூன்றாம் பேஸை நோக்கி நடந்த பிள்ளை

இது நடந்து மூன்று கோடைகள் கழிந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தென் லண்டனில், ட்ராம் ஓடும் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விளையாட்டுத் திடலில் நடந்தது.

வீடுகளில் சுடுதண்ணி பொய்லர் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளின் பேஸ்போல் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பேன். இதைச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். கிரிக்கெட் என்றால் சரி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். லண்டனுக்கு வருமுன் நான் நெடுங்காலம் நெதர்லாந்தில் இருந்தவன். அங்கே தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள் ஒரு பேஸ்போல் குழு வைத்திருந்தார்கள். ஆள் குறைந்த ஒரு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதோடு அந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் பழுதாகி ஓட முடியாமல் போனபோது, விட மனமில்லாமல் அம்பயர் பயிற்சி எடுத்தேன்.

அன்று பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் இறுதி ஆட்டம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் குழுவும் ஹரோவிலிருந்து வந்த குழுவும் மோதின. ஹரோ குழுவின் கோச் ஒரு தமிழர். கனடாவின் ரொறன்ரோவில் வளர்ந்து, கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும்போதே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணை, நீங்களும் எங்கட ஆளோ! பேஸ்போலிலை ஒரு தமிழ் அம்பயரை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

அவருடைய குழுவில் அவரது மகளும் இருந்தாள். பன்னிரண்டு வயது. நல்ல ஆட்டக்காரி. பள்ளிக்கூட விடுமுறைக்குச் சில பிள்ளைகள் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்ததால் அந்தக் குழுவில் சரியாக ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். மாற்று ஆள் இல்லை. எங்கள் லீக் விதிப்படி ஒன்பதுக்கு ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் மற்றக் குழுவுக்குப் போய்விடும்.

கடைசிச் சுற்று. ஹரோ குழு ஒரே ஒரு ஓட்டம் பின்னால் நின்றது. கோச்சின் மகள் பேட்டோடு வந்து நின்றாள். எதிரே பந்தெறிந்த பையனுக்குக் கை வியர்த்திருக்க வேண்டும். பந்து நழுவி நேரே அவள் தலைக்கு வந்தது. ஹெல்மெட் பக்கவாட்டில் அடிபட்டுக் கழன்று பறந்தது. அவள் சரிந்து விழுந்தபோது வெறுந்தலை, வெயிலில் காய்ந்து இறுகிப்போன நிலத்தில் மோதியது. பந்து படாமலிருக்க அம்பயர் போடும் முகமூடியோடும் கவசங்களோடும் நான் அவளுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் நின்றேன். அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் குனிவதற்குள் அவளாகவே எழுந்துவிட்டாள். உடுப்பில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பந்தெறிந்த பையன்தான் அழுதுகொண்டு நின்றான்.

பேஸ்போலில் பந்து உடம்பில் பட்டால், அடிபட்டவர் வலது கைப் பக்கம் இருக்கும், ஓட்டம் தொடங்கும் முதலாம் பேஸுக்குச் சும்மா போகலாம். அவள் பேட்டைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு இடது பக்கம் திரும்பி, மூன்றாம் பேஸை நோக்கி மெதுவாக நடந்தாள்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். கோச்சும் சிரித்தார். "பிள்ளை, மற்றப் பக்கம்!" என்று கூப்பிட்டார். அவள் நின்றாள், யோசித்தாள், திரும்பி முதலாம் பேஸுக்குப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட வந்த முதல் நாளே பிள்ளைகள் படிப்பது எந்தப் பக்கம் ஓடுவது என்பதைத்தான். சின்ன வயதிலிருந்து விளையாடும் ஒரு பிள்ளைக்கு அது காலிலேயே ஊறியிருக்கும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளிடம் போனேன். எதிர்க் குழு எது, இது எத்தனையாவது சுற்று என்று கேட்டேன். "ஐ ஆம் ஃபைன், அங்கிள்" என்றாள். கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவள் தொடர்ந்து விளையாட முடியாது என்று அறிவித்தேன்.

கோச் ஓடி வந்தார்.

இப்படி ஒருவர் கோபத்தோடு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். முகமூடியைக் கழற்று, அவர் உன் முகத்தைப் பார்க்கட்டும். அவரைவிடத் தாழ்ந்த குரலில் பேசு. பிள்ளைகளை விட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போ. சொல்ல வந்ததை ஒரு தடவை முழுதாகச் சொல்ல விடு. எல்லாம் செய்தேன்.

"அண்ணை, அவள் சும்மா பேஸிலைதானே நிக்கப்போறாள். அவளை எடுத்தால் மாட்ச் முடிஞ்சுது. இந்தப் பிள்ளையள் முழுச் சீசனும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும், தம்பி. ஆனால் அவளுக்குத் திசை தெரியேல்லை. நீரும் பாத்தனீர்தானே."

"அது பதட்டம். அவள் என்ர பிள்ளை. எனக்குத் தெரியாதோ?"

"முடிவு சொல்லியாச்சு. இனி மாத்த ஏலாது."

ஓரத்தில் நின்ற பெற்றோர் சத்தம் போடத் தொடங்கினார்கள். "எங்கட ஆளே எங்களுக்குக் குழி பறிக்கிறார்" என்று ஒரு தமிழ்க் குரல் கேட்டது. கோச் மறுபடியும் அதையே சொன்னார், இன்னும் உரத்து. எச்சரித்தேன். அவர் தொப்பியைக் கழற்றி என் காலடியில் எறிந்தார்.

"அவங்களுக்கு வால் பிடிக்கத்தான் இந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்!"

அது சுட்டது. கை உயர்த்தி அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றினேன். ஆட்டம் முடிந்தது. வென்ற குழுவும் கொண்டாடவில்லை. ஹரோ பிள்ளைகள் சிலர் அழுதார்கள்.

என்னோடு இரண்டாம் அம்பயராக நின்ற இங்கிலீஷ்காரப் பெண் என் தோளில் தட்டினாள். சரியாகச் செய்தாய், உன் வேலை முடிந்தது, தண்ணீர் குடி என்றாள். ஒரு நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரிய நிம்மதி. போத்தலைத் திறந்து வாயில் வைத்தபோது கார் நிறுத்துமிடம் கண்ணில் பட்டது. அந்தப் பிள்ளை விளிம்புக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தியிருந்தாள். வெயில் அவள் முதுகுப் பக்கம் இருந்தது; கண் கூசக் காரணமே இல்லை.

தகப்பன் பைகளைக் காருக்குள் எறிந்துகொண்டிருந்தார். அவர்கள் ஹரோ போக வேண்டும். லண்டனின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. ஞாயிறு பின்னேர நெரிசலில் எப்போது போய்ச் சேர்வார்கள் என்று சொல்ல முடியாது.

ஒரு பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. வைத்தியசாலைக்கு அனுப்ப அதிகாரம் இல்லை. அதுவும், சற்று முன் எல்லோர் முன்னாலும் நான் வெளியேற்றிய மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது? போனால் அடி விழுந்தாலும் விழும் என்று உண்மையாகவே பயந்தேன். ஆனாலும் போனேன். காலில் கட்டிய கவசம் தார் ரோட்டில் தடதடக்க, நெஞ்சுக் கவசத்தையும் கழற்றாமல் ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் பிள்ளையைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு எஞ்சினை இயக்கியிருந்தார். திறந்திருந்த அவர் பக்கத்துக் கண்ணாடியில் கை வைத்தேன்.

"இன்னும் என்ன வேணும் அண்ணை? துரத்தியாச்சுத்தானே."

"தம்பி, இப்ப நான் அம்பயராய் வரேல்லை. நான் பிழை விட்டனெண்டால் லீக்குக்குச் சொல்லும். என்னை நிப்பாட்டினாலும் பரவாயில்லை. வீட்டை போக முன்னம் பக்கத்து ஆஸ்பத்திரியிலை பிள்ளையை ஒருக்காக் காட்டும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"கையை எடுங்கோ. நான் அவளின்ர அப்பா. எனக்கில்லாத அக்கறை உங்களுக்கோ?"

"ஓம், நீர்தான் அப்பா. அதாலைதான் உம்மட்டைக் கேக்கிறன்."

அவர் கியர் மேல் வைத்த கை அப்படியே நின்றது. அப்போதுதான் பின் சீட்டிலிருந்து அந்தப் பிள்ளை, தூக்கத்தில் பேசுவதுபோல, ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பா, மாட்ச் எத்தனை மணிக்குத் தொடங்கும்?"

அந்த மனிதர் திரும்பி மகளைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறக்கத் தெரியாதவர்போல் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை தடவினார். "அண்ணை, என்னாலை கார் ஓட ஏலாது" என்றார். அவர் பின்னால் போய் மகளை மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் காரை நான் ஓட்டினேன். வழி முழுக்க அவளோடு பேசிக்கொண்டே வந்தார். நித்திரை கொள்ளாதையம்மா, அப்பாவைப் பார், அப்பாவைப் பார். வைத்தியசாலை வாசலில் அவள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

ஸ்கான் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கு உட்பக்கம் இரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது, உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அம்புலன்சில் இன்னொரு பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்; நான் அவர் காரில் பின்னால் போனேன். கிளம்பும் அவசரத்திலும் வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வீடு எங்கே? ஹரோ என்றார் தகப்பன். வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார்.

தாய் வேலையிடத்திலிருந்து நேரே அங்கே வந்து சேர்ந்தார். சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே நானும் தகப்பனும் ஆளுக்கொரு கதிரையில். நான் இன்னும் காலில் கவசத்தோடு. தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் ஆர்?" என்று கணவரைக் கேட்டார்.

"இந்த அண்ணையோடைதான் நான் சண்டை பிடிச்சனான்" என்றார் கோச். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். எனக்குச் செபம் பாதி மறந்திருந்தது. தெரிந்த இடங்களில் சேர்ந்து சொன்னேன்.

பிள்ளை பிழைத்தாள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் தலைவலி. பள்ளிக்கூடம் போக முடியவில்லை. தெரிந்த சொற்கள்கூட நாவில் வராமல் அந்தரிப்பாள் என்று தாய் தொலைபேசியில் சொல்லுவார். இப்போது நன்றாக இருக்கிறாள். பேட் பிடிப்பதில்லை. நீச்சலுக்குப் போகிறாள்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை கோச் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் மைதானப் பக்கமே போகவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, அண்டைக்கு நான் அவ்வளவு கத்தினன். கார்ப் பார்க்கிலையும் மரியாதை இல்லாமல் கதைச்சனான். நீங்கள் ஏன் திருப்பிக் கத்தேல்லை?"

எனக்கும் கோபம் வந்தது என்ற உண்மையைச் சொன்னேன். வால் பிடிக்கிறியள் என்று சொன்னது பல நாள் நெஞ்சில் குத்தியது என்பதையும் மறைக்கவில்லை. பிறகு சொன்னேன்:

"நானும் கத்தியிருந்தால் நீர் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பீர், தம்பி."

அவர் போகும்போது, திரும்பவும் பிள்ளைகளைப் பழக்க வரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். வாரும் என்றேன். வந்தார். இப்போதும் என்னுடைய தீர்ப்புகளில் பாதிக்கு அவருக்கு உடன்பாடில்லை. ஓரத்தில் நின்று தலையை ஆட்டுவார்.

இன்றும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு கோச் முகம் சிவந்து என்னை நோக்கி வேகமாக வருவார். அவர் சொல்வது பிழை என்று தெரிந்தாலும் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்கிறேன். ஏனென்றால் சண்டை முடிந்த பிறகும் அந்த மனிதரிடம் நான் ஏதாவது கேட்க வேண்டி வரலாம் என்பதையும், அப்போது அவர் காதில் விழும்படியாக எங்களுக்குள் கொஞ்ச மரியாதையாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கார்க் கதவோரம் நின்றபோதுதான் அறிந்துகொண்டேன்.