கைதட்டிக் கூப்பிட்ட காலம்

மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது தண்ணீர். கேட்டதாகத்தான் நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற லில்லி அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டேன். ஓட்டை விழுந்த சைக்கிள் டியூப் போலக் காற்று மட்டும் வந்தது.

"பேசாதட்டி, கழுத்துல தையல் இருக்கு" என்றாள் அக்கா. தையலால்தான் இப்படி என்று நானும் நம்பினேன். தையல் பிரித்த பிறகும் காற்றுதான் வந்தது.

எனக்குக் கழுத்தில் கழலை இருந்தது. தைராய்டு (குரல்வளையை ஒட்டிக் கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) வீங்கி, சேலைத் தலைப்பால் மறைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பாதியை எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். எடுத்ததில் புற்று இல்லை என்று தெரிந்தபோது வீடே கர்த்தருக்கு நன்றி சொன்னது. குரல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் இருக்கிறதே, குரல் என்ன குரல் என்றார்கள். என்னைப் போலக் குரல் போய் இதைப் படிக்கிற உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் எரிச்சல் வரும். வரட்டும், தப்பில்லை.

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் என் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். திரையில் என் குரல்நாண்கள் (குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகள், இவை சேர்ந்து அதிர்ந்தால்தான் சத்தம்) தெரிந்தன. வலது பக்கம் கதவு மாதிரி ஆடியது. இடது பக்கம் அசையவே இல்லை.

"குரலுக்குப் போற நரம்பு அறுபடல, சோர்ந்து கிடக்கு" என்றார் அவர். "ஆபரேஷனுக்கு முன்னாடியே இப்படி ஆகலாம்னு சொல்லியிருப்பாங்க. சிலருக்குச் சில மாசத்துல திரும்பிடும். சிலருக்கு ஒரு வருஷம் ஆகும்."

"வராமலே போயிருமா டாக்டர்?" என்று அக்கா எனக்காகக் கேட்டாள்.

"முழுசா வராமலும் போகலாம். அப்போ வேற வழி இருக்கு. இப்போ காத்திருப்போம். தண்ணி குடிக்கும்போது தாடையைக் கீழ இறக்கிக் குடிங்க, புரையேறாது."

காத்திருப்பது என்பதை மருத்துவர்கள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் கன்னியாகுமரியில் சங்கும் பாசிமாலையும் விற்கிற கடையில் வேலை பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை நாலு மொழியில் கூப்பிட்டுக் கடைக்குள் இழுப்பதுதான் என் வேலை. தொண்டைதான் மூலதனம். கடைக்காரர் மரியாதையான மனிதர், "சொகமானதும் வா மக்கா" என்று சொல்லி அனுப்பினார். வேலை போனதற்கு அழவில்லை. எனக்கு இருந்த கவலையெல்லாம் அபி.

அபி என் மகள். அப்போது மூன்றரை வயது. அவள் அப்பா குவைத்தில். ராஜாக்கமங்கலத்தில் நானும் அவளும் ஒரு வீடு, மதிலுக்கு அந்தப் பக்கம் லில்லி அக்கா வீடு. இவ்வளவுதான் எங்கள் உலகம்.

குரல் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. வீட்டுப் பேச்சில் பாதி, வேறொரு அறையிலிருந்து பேசுவது. அடுக்களையில் நின்றுகொண்டு "ஏட்டி, அங்கன என்ன சத்தம்?" என்போம். குளியலறையிலிருந்து "கதவத் திறக்காத" என்போம். பிள்ளை நூறு "ஏன்" கேட்டால், தாளிக்கிற சத்தத்துக்கு மேலே "ம்" போட்டுக்கொண்டே இருப்போம். அதில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது போயிற்று. அபியிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, அவள் இருக்கும் இடத்துக்குப் போய், குனிந்து, முகத்துக்கு முகம் வைத்துக் காற்றாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை குனிவது? முதலில் இடுப்பு ஓய்ந்தது. பிறகு சொல்ல நினைத்த பலவற்றை விட்டுவிட்டேன்.

எழுதிக் காட்டலாமே என்று பலர் சொன்னார்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுதி என்ன காட்டுவது?

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்சோடு வந்தார்கள். பாதிப் பேர், எனக்குக் காதும் போய்விட்டது போல உரக்கக் கத்தினார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்து அவர்களும் ரகசியக் குரலுக்கு மாறினார்கள். அக்காவும் மாறினாள். நோயாளி இருக்கிற வீட்டில் சத்தம் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். துக்க வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். "அம்மாக்குத் தொண்ட புண்ணு, பையப் பேசு மக்கா" என்று வருகிறவர்களெல்லாம் அபியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அபியின் அப்பா வீடியோவில் கூப்பிடுவார். என் காற்று போனுக்குள் ஏறாது. அதனால் அபி மொழிபெயர்ப்பாளர் ஆனாள். நான் அவள் காதில் சொல்வேன், அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள்.

"அம்மா என்ன சொல்லுகா மக்களே?"

நல்லா இருக்கேன்னு சொல்லு என்றேன்.

"அம்மா நல்லா இருக்காளாம். சோறு திங்கல. அழல."

அழவில்லை என்று நான் சொல்லச் சொல்லவே இல்லை. பெரியவர்கள் எதையாவது மறைக்கத்தான் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை.

கைதட்டிக் கூப்பிடும் வழக்கம் எப்படி வந்தது என்று நினைவில்லை. முற்றத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போகிறவளை நிறுத்த ஒரு நாள் இரண்டு தட்டுத் தட்டியிருப்பேன். திரும்பினாள். அதன்பிறகு இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"பெத்த பிள்ளைய நாயக் கூப்பிடுத மாதிரி கூப்பிடுதியட்டி" என்றாள்.

எனக்கு மட்டும் பிடித்திருந்ததா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டு தொடங்கி எல்லோரும் கைதட்டியபோது, முன்வரிசையில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருந்த அபி துள்ளி எழுந்து, நடுப்பாதை வழியே என்னிடம் ஓடிவந்தாள். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்புக்கும் சத்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அடுத்த வாரம் பாலர் பள்ளியில் மிஸ் என்னை நிறுத்தினார். "அபிக்குத் தொண்டை சரியில்லையா? எது கேட்டாலும் காதுலதான் சொல்லுகா. பாட்டு கிளாஸ்ல வாய் மட்டும் அசையுது. போன வருஷம் இவ சத்தம் கேட்டு அடுத்த கிளாஸ்ல கம்ப்ளெயின்ட் வரும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். யோசித்துப் பார்த்தால் வீட்டிலும் அவள் கத்திப் பல நாட்கள் ஆகியிருந்தன. விழுந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கமான பிள்ளை என்று அக்கா மெச்சிக்கொண்டிருந்தாள். களைப்பில் இருந்த எனக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கு நடந்தது ஒரு நரம்புக்கு நடந்தது. அவளுக்கு நடந்ததை எந்தக் கேமராவில் பார்ப்பது? அவள் குரலும் என்னோடு போய்விடுமோ என்று பயந்தேன். என் குரல் வராவிட்டாலும் போகட்டும், அவள் குரல் வர வேண்டும் என்று ஜெபித்தேன். எனக்காகக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

மறுபடி மருத்துவரிடம் போனபோது அக்கா பிள்ளையின் விஷயத்தைச் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வீட்டுல எப்படிப் பேசுறீங்க?"

பேசிக் காட்டினேன்.

"இந்த ரகசியப் பேச்சுதான் தொண்டைக்கு ஓய்வுன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே முடிவு செய்துகொண்டது.

"இப்படிக் காத்த அழுத்தித் தள்ளுறது குரல்நாணுக்கு இன்னும் கஷ்டம்மா. கரகரன்னு வந்தாலும் பரவாயில்ல, இருக்கிற சத்தத்துல மெதுவாப் பேசுங்க. வீட்டுல மத்தவங்க எதுக்கு ரகசியம் பேசணும்? பிள்ளை நீங்க பேசுறதத்தான் பேசும்."

அத்தனை மாதம் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது வீண்.

சத்தமாகப் பேசலாம் என்று அபியிடம் சொன்னோம். அவள் நம்பவில்லை. "அம்மாக்கு வலிக்கும்" என்று அக்காவின் காதில் சொன்னாள். வலிக்காது என்று நான் சொன்னேன், அதே காற்றுக் குரலில். யார் நம்புவார்கள்?

பேச்சுப் பயிற்சி தொடங்கியது. வாயை மூடி "ம்" என்று இழுக்க வேண்டும். உதட்டில் குறுகுறுப்பு வர வேண்டும். பிறகு தலையை ஒரு பக்கம் திருப்பி "ஈ" சொல்ல வேண்டும். தினமும் காலையில் அபியை எதிரே உட்கார வைத்துச் செய்தேன். அவளும் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். "ம்" என்ற இடத்தில் எனக்கு இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். அவள் என் முதுகைத் தடவுவாள். பல நாட்கள், இதெல்லாம் யாருக்கு என்று தோன்றும். உங்களுக்கும் தோன்றும். பயிற்சி செய்கிற யாரும் தினமும் முன்னேறுவதில்லை. நான் மூன்று நாள் செய்வேன், இரண்டு நாள் சலித்துப்போய்ப் படுத்திருப்பேன். முன்னேற்றம் நான் படுத்திருந்த நாட்களிலும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு நாள் பால்காரர், "என்ன, சத்தம் கொஞ்சம் தேறியிருக்கே" என்றார். நான் கவனிக்கவே இல்லை.

தேறியது பழைய குரல் இல்லை. கனமாக, உடைந்து, ஆணின் குரல் போல ஒன்று. அதுவும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அபியின் காதருகே பேசிப் பழகியதால் அவளிடம் மட்டும் இன்னமும் ரகசியமாகவே பேசிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம்.

கடற்கரைக்கு மீன் வாங்க அக்கா கிளம்பியபோது நாங்களும் கூடப் போனோம். வள்ளங்கள் வந்து சேர்ந்த நேரம். அக்கா நெத்திலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அபி தள்ளிப் போய்க் குந்தியிருந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் என்று தோன்றியது. கையில் ஏற்கெனவே வாங்கிய மீன் பை இருந்ததால் தட்ட முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அபி!"

வந்துவிட்டது. காற்றையும் தாண்டிப் போயிற்று. வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மீன் விற்கிறவள் பார்த்தாள். அக்கா பேரத்தை விட்டுவிட்டுத் திரும்பினாள். அபி மட்டும் திரும்பவில்லை.

இன்னொரு முறை கூப்பிட்டேன். தோண்டிக்கொண்டே இருந்தாள். பையை மணலில் வைத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே எழுந்து ஓடிவந்தாள்.

"கூப்பிட்டேனே, கேக்கலியா?"

"நீ கூப்பிடல" என்றாள், ரகசியமாக. "யாரோ ஒரு மாமா கூப்பிட்டாவ."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. நான் மணலில் உட்கார்ந்து, அபியின் கையை எடுத்து என் கழுத்தில், தழும்பின் மேல் வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, காதருகே போகாமல், கூப்பிட்டேன்.

"அபி."

விரல்களை வெடுக்கென்று எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். உள்ளே அதிர்வது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வலிக்குதா?"

"வலிக்கல மக்களே."

"பொய் சொல்லாத."

"சத்தியமா வலிக்கல."

பிறகு குனிந்து என் காதில் கேட்டாள்.

"அப்போ நான் கத்தட்டா?"

அத்தனை மாதமும் அவளுக்குக் குரல் போகவில்லை. எனக்காக வைத்திருந்தாள். சின்னப் பிள்ளை, யாரும் எப்போது முடியும் என்று சொல்லாத ஒரு காவலைக் காத்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். அவள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்று கத்தினாள். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கத்தினாள். வலைக்காரர், "ஏ பிள்ளே, மீனெல்லாம் ஓடிரும்" என்றார். அக்கா நெத்திலியை வாங்காமலே அழுதுகொண்டு நின்றாள்.

இப்போது எனக்கு ஒரு நாள் என்பது குரல் இருக்கும் வரைதான். காலையில் கழுத்துக்குள் கை விட்டுப் பார்ப்பது போல "ம்" என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கடையில் மத்தியானம் வரை ஆட்களைக் கூப்பிடுகிறேன். அதற்கு மேல் மாலை கோக்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் சத்தம் தேய்ந்து காற்றாகிவிடும். இது முழுதாக மாறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அலுப்பாகத்தான் இருக்கிறது. மிச்ச வாழ்நாளை இப்படிக் கணக்குப் பார்த்துப் பேச வேண்டுமே என்று சில நாட்கள் கோபமும் வருகிறது.

நேற்றுச் சாயங்காலம் உப்பு தீர்ந்துவிட்டது. மதில் பக்கம் போய் அக்காவைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. உள்ளே படம் வரைந்துகொண்டிருந்த அபி தலையைத் தூக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்தினாள்.

"பெரியம்மோ! அம்மைக்கு உப்பு வேணுமாம்! அவளுக்கு இன்னிக்கு உள்ள சத்தம் தீந்து போச்சு!"

மூன்று வீடு தள்ளி யாரோ சிரித்தார்கள். மதிலுக்கு மேலே உப்பு வந்தது.