திரையில் வந்த வேறொருவர்

ஜாபிர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் ஜாபிர். அடுத்த அறையில் ரத்தப் பரிசோதனை என் வேலை. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் சர்வரை அவர் புது மென்பொருளுக்கு மாற்றினார். மறுநாள் காலை ஆண்கள் வார்டிலிருந்து நர்ஸ் பிரின்ஸி போன் செய்தாள். ஸ்பீக்கரில் அவள் சிரிப்பு எனக்கும் கேட்டது.

“அண்ணே, உங்க புது சிஸ்டத்துல பெரியநாயகசாமி தாத்தாவுக்கு ரெண்டு பிரசவம் ஆயிருக்கு! ஒண்ணு சிசேரியன்!”

நானும் சிரித்துவிட்டேன். ஜாபிரின் முகம் வெளுத்தது.

“பேரு அவரோடது, உள்ள இருக்கறது வேற யாரோடதோ. மேகலாக்கா, இது ஊசி போடுற நேரம்.”

சர்வர் நின்றுபோயிருந்தால் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதையும் அதில்தான் பார்ப்பார்கள்.

“எதையும் போடாத. எந்த மருந்து ஆகாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளு” என்று பிரின்ஸியிடம் சொல்லிவிட்டுப் பெண்கள் வார்டுக்குப் போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. ஓடிப்போய் சர்வரின் கேபிளைப் பிடுங்கினார். கட்டடம் முழுக்கத் திரைகள் வெறுமையாயின.

“யாருய்யா அது? உயிரோட வெளையாடுறீங்களா?” மாடியிலிருந்து பெரிய டாக்டர் கத்தினார். ஜாபிர் பெண்கள் வார்டுக்குப் படியேறினார். நானும் பின்னால் ஓடினேன்.

அங்கே கலைமகள் என்ற பெண் படுத்திருந்தாள். வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி பட்டுக் கால் வீங்கியிருந்தது. திரை அணைந்ததால் நர்ஸ் பெனிசிலின் ஊசியும் கையுமாக நின்றிருந்தாள்.

“பெனிசிலின் ஒத்துக்குமாம்மா?” ஜாபிர் அவளிடம் கேட்டார்.

“ஐயோ, அது போட்டா மூச்சு அடைச்சிரும்ங்க. சேரும்போதே சொன்னேனே!”

நர்ஸ் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்த நகலிலிருந்து பழைய சர்வரை அன்றே மீட்டார். அது ஓடத் தொடங்கிய பின்னும் கேபிளைச் செருகவில்லை. என்னிடமிருந்த பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லித் திரையோடு ஒத்துப்பார்த்தார். எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் கேபிளைச் செருகினார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வருஷா வருஷம் தை முதல் நாளில் நோயாளி எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். புது மென்பொருள் வருஷத்தைப் பார்க்கவில்லை. இந்த வருஷத்துப் பெயருக்குக் கீழே, அதே எண்ணுள்ள போன வருஷத்து ஆளின் உடம்பு விவரத்தை வைத்துவிட்டது. “எண்ணு திரும்ப வராதுல்ல?” என்று மாற்றும் முன்பே மென்பொருள் கம்பெனிக்காரர்கள் கேட்டபோது, “வராது” என்று சொன்னவர் ஜாபிர்.

அந்தப் பயம் அவரை விடவேயில்லை. பிறகு எத்தனையோ தடவை வார்டு வாசலில் நின்று, நர்ஸ்கள் நோயாளியின் பெயரைக் கேட்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் நெஞ்சு வலியோடு அவரையே அங்கே படுக்க வைத்தோம். பிரின்ஸி ஊசியோடு வந்தாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. ஜாபிர் கையை நீட்டவில்லை.

“கேளும்மா” என்றார்.

“உங்க பேர் என்னங்கண்ணே?”

பெயரையும், தனக்கு ஆகாத மருந்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கையைக் கொடுத்தார்.