அந்த வீட்டுத் தண்ணீர்

செல்லக்கனிக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். மற்றதைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளக் குடியிருப்பில் நான் நர்ஸ். தலைப்பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் துணையாக, அதே தெருவில் பிள்ளை வளர்க்கும் ஒருத்தியை அனுப்புவது அப்போது புதிதாக வந்த ஏற்பாடு. வெள்ளைச் சேலையைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள், கூட உப்பு வாருகிறவள் சொன்னால் கேட்பார்கள் என்றார் டாக்டர். உண்மைதான். நான் ஆறு மாதம் தொண்டை வற்றக் கத்தியும் நிற்காத பழக்கம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, செல்லக்கனி சொன்ன சில வாரங்களில் நின்றது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

பேச்சியம்மாள் அவள் பார்த்துக்கொண்ட பெண். பத்தொன்பது வயது, தாய் இல்லை. பெற்ற மூன்றாம் மாதமே அளத்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தைக்குப் பேதி கண்டதும் செல்லக்கனியிடம்தான் ஓடினாள். அவள் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், சீனி ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பகல் முழுக்கச் சங்கால் புகட்டியிருக்கிறாள்.

நான் போனபோது குழந்தைக்கு வெட்டு வந்து கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. டம்ளரில் மீதி இருந்ததை என் வாயில் விட்டுப் பார்த்தேன். ஒரே கரிப்பு. அவ்வளவு உப்பு ஏறினால் பச்சைப்பிள்ளைக்கு வெட்டு வரும். தண்ணீர் லாரி நாலு நாளாக வரவில்லை. அளத்தோரம் தோண்டிய ஊற்றுத் தண்ணீரைத்தான் தெருவே குடித்துக்கொண்டிருந்தது. நான் பாடம் நடத்தியபோது என் மேஜையில் இருந்தது டவுன் குழாய்த் தண்ணீர்.

வாயில் வைத்துப் பார்க்கவில்லையா என்று செல்லக்கனியிடம் கேட்டேன்.

"பாத்தேன் நர்சம்மா. எனக்குக் கரிக்கவே இல்லியே."

கரிக்காதுதான். லாரி வராத நாளெல்லாம் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த நாக்கு. ருசி பார்த்துக் கொடு என்று சொன்ன நான், யாருடைய நாக்கு என்று யோசிக்கவில்லை. குழந்தையை வண்டியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் மூச்சு அடங்கிவிட்டது. பதிவேட்டில் பேதி என்று மட்டும் எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினேன்.

தெருவுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டுமே, செல்லக்கனி கிடைத்தாள். அவள் கைராசியைப் பற்றிப் பேசினார்கள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சீம்பால் மறுபடி தரையில் போனது. ஒருநாள் செல்லக்கனி வந்து, இந்த வேலைக்கென்று நாங்கள் கொடுத்த பையை என் மேஜையில் வைத்தாள்.

"நீங்க சொன்னதத்தான செஞ்சேன் நர்சம்மா. அத பேச்சிகிட்ட ஒரு தடவ வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா."

நாளைக்கு வருகிறேன் என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எதையும் சொல்லிக்கொடுக்கும் முன், அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் செய்தேன். நல்ல நர்ஸ் என்று பெயரும் எடுத்தேன். பேச்சியம்மாள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. செல்லக்கனி அதே தெருவில்தான் இருந்தாள். யாரும் தங்கள் பிள்ளையை அவள் கையில் கொடுக்கவில்லை.