திட்டித் தைத்த நிரைகள்

ரப்பர்ப் பாலை நடுவிரல் நுனியில் தடவி வெயிலில் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுபடி இன்னொன்று என்று என் ஓரகத்தி தனக்கு ஒரு விரலுறை செய்துகொண்டார், ஊசியின் காது விரலைக் குத்தாமல் இருப்பதற்காக. மூன்று நாளில் அது கிழிந்துவிடும். உரித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுவார். அந்த மாதங்களில் அவர் கையில் எப்போதும் காய்ந்த பாலின் புளித்த வாடை இருந்தது. மலாயாவில், குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அவர் கணவரின் தம்பிதான் என் வீட்டுக்காரர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பாலுக்காகப் பட்டையைச் சீவி அவரைப்போல வேகமாக மரம் வெட்டியவர்கள் ஆண்களிலும் குறைவு. தனக்கு ஒதுக்கிய மர வரிசையை, தன் நிரையை, முடித்துவிட்டுப் பின்தங்கிய என் நிரைக்கு வந்து நாலைந்து மரம் வெட்டிக் கொடுப்பார். "மரத்துக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருக்கியா புள்ள?" என்பார். உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் அவருக்கு ஆகாது. அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் கல்லோடு பொங்கி வைப்பார். அப்படிப்பட்டவர் போர்வை தைக்க உட்கார்ந்தார் என்றால், அது மூத்தாருக்காக, அவர் கணவருக்காக.

காட்டை அழித்துக் கன்று நட்டுக்கொண்டிருந்த புதுக்காட்டுக்கு வேலைக்குப் போன மூத்தார் காய்ச்சலோடு திரும்பினார். போனவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சி சாய்ந்ததும் அவருக்குக் குளிர் வரும். பல் கிட்டிக்கொள்ளும். கட்டில் கால்கள் சிமெண்டுத் தரையில் தட்டுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டு, "கனமா ஏதாச்சும் போத்தி விடுங்கம்மா" என்றார். ரப்பர் விலை விழுந்து, வாரத்தில் பாதி நாள் வேலை கிடைப்பதே பெரிதாக இருந்த காலம். கனமாக எதுவும் எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லை.

பழைய சேலை, கைலி, குளுவாங் தையல்கடையில் கெஞ்சி வாங்கிய வெட்டுத்துணி எல்லாவற்றையும் உள்ளங்கை அகலச் சதுரங்களாக வெட்டினோம். இருநூற்றைம்பது இருக்கும். வெட்டும்போதே அக்கா இரண்டு முறை கத்தரிக்கோலை வீசி எறிந்தார். சதுரங்களை இணைத்ததோடு வேலை முடியவில்லை. அடியில் துவைத்த மாவுச் சாக்கையும் நைந்த சேலைகளையும் அடுக்கி, எல்லாம் ஒன்றாகப் பிடிக்கும்படி இரண்டு விரல் இடைவெளியில் அகலவாக்கில் ஓட்டுத்தையல் போட வேண்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட வரிசைகள். குத்து, இழு, குத்து, இழு. வேறு எதுவுமில்லை. லயத்து அஞ்சடித் தாழ்வாரத்தில் பாயை விரித்து, தலைப்பக்கத்திலிருந்து அவரும் கால்பக்கத்திலிருந்து நானும் தைத்துக்கொண்டு வந்தோம். நடுவில் சந்திப்பதாக ஏற்பாடு.

மூன்றாம் நாள் அக்கா ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "இது வேலையா புள்ள? ஒரே மரத்த நூறு தரம் வெட்டுற மாதிரி இருக்கு." உள்ளே கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. திரும்ப வந்து உட்கார்ந்தார். "சரி, இந்த நிரை கங்காணிக்கு" என்றார். அந்த வரிசை முடியும்வரை, ஒவ்வொரு குத்துக்கும் ஒன்றாக, கங்காணியைத் திட்டினார். அடுத்த நிரை கணக்கெழுதும் கிராணிக்கு. அதற்கடுத்தது துரைக்கு, பிறகு துரையின் நாய்க்கு. எங்கள் மாமியாருக்கு மட்டும் மூன்று நிரை. நான் சிரித்துச் சிரித்து ஊசியால் குத்திக்கொண்டதுண்டு. உள்ளே மூத்தார் நடுக்கத்தோடு, "எங்க ஆத்தாள விடு, அது செத்துப் போச்சு" என்பார். "செத்தா என்ன, காது கேக்கும்" என்பார் இவர். அப்படித்தான் அந்தத் தையல் நகர்ந்தது.

இருபது நிரைக்குப் பிறகு திட்ட ஆளில்லாமல் போனது. ஒருநாள் அக்கா நிமிர்ந்து, "எனக்குத் தீந்துபோச்சு. ஒனக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருந்தா ஒரு ஆள இரவல் குடு" என்றார்.

புதுக்காட்டுக்கு முதலில் கங்காணி கூப்பிட்டது என் வீட்டுக்காரரை. நான் அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தேன். அவரைப் போகவிட எனக்குப் பயம். வயிற்றுப்போக்கு என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் நானே போய்ச் சொன்னேன். "அப்ப அண்ணன்காரன் போவட்டும்" என்றார் கங்காணி. அக்காவுக்கு அது தெரியாது. தன் புருஷனுக்கு வந்தது தலைவிதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அன்று நான் குனிந்து, "யாருமில்லக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. பெருமூச்சும் முனகலுமாகத் தைத்தார்.

எங்கள் இருவருக்கும் நடுவே மூன்று நிரை மிச்சமிருந்தபோது மூத்தார் இறந்துபோனார். குளிர்கூட வரவில்லை. காலையில் கஞ்சி கேட்டார், கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறு கழிந்த மறுநாள் அக்கா அந்தப் பாயை மறுபடி விரித்தார். "எதுக்குக்கா இனிமே?" என்றேன். "பாதியில கெடக்கறதப் பாக்க முடியல" என்றார். ஆளுக்கொரு நிரை முடித்தோம். கடைசி நிரையை அவர் தொடங்கினார். குத்து, இழு. "அக்கா, இந்த நிரைக்கு என்னத் திட்டுங்க" என்று சொல்லி, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் கை நிற்கவில்லை. வரிசையின் கோடிவரை தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். போர்வையை மடித்து உள்ளே எடுத்துப்போனார்.

மறுநாள் மதியம் அஞ்சடியில் அவர் போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார், கால்பக்கத்திலிருந்து. நான் தைத்த நிரைகளை மட்டும் ஊசிமுனையால் நெம்பி நெம்பி உருவினார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன். போ என்று சொல்லவில்லை. நூல் சுலபமாகக் கிடைக்காத காலம். உருவிப்போட்ட நூலை எடுத்துச் சிக்கெடுத்து ஒரு குச்சியில் சுற்றினேன். அந்த நூலையே கோத்து, அதே தடத்தில் அவர் மறுபடி தைத்தார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கங்காணிக்கு இல்லை, துரைக்கு இல்லை, ஒரு சொல்லும் இல்லை. பொறுமையே இல்லாத அந்த மனுஷி எப்படி அதைச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆள்குறைப்பில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆண்துணை இல்லாதவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். குளுவாங் ஸ்டேஷனில் என் கைக்குழந்தையை வாங்கி ரயில் வரும்வரை மடியில் வைத்திருந்தார். வண்டி வந்ததும் என் வீட்டுக்காரரிடம் நீட்டி, "வரேன் தம்பி" என்றார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கிட்டே போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். நாகப்பட்டினத்தில் இறங்கியதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

இப்போது எனக்கு, அன்று அவருக்கிருந்த வயதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மருமகள் வேலைக்குப் போன பிறகு, நெத்திலி தலை கிள்ளிக்கொண்டு மத்தியானத்தை ஓட்டுகிறேன். ஒன்றுபோல நூறு மீன். சில நாள் அவர் குரலில் என்னை நானே திட்டிப் பார்ப்பேன். நாலு வார்த்தைக்கு மேல் வராது. அவர் திட்டியிருந்தால் ஒரு நிரையோடு தீர்ந்திருக்கும்.