ஆவுடைநாயகத்தின் கழுத்துக்கு வந்த பெயர்கள்

1958 ஜூன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறும் ஆவுடைநாயகத்துக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அந்த மாதம்தான் அவருடைய சட்டையின் மேல் பொத்தான் மாட்ட மறுத்தது.

முதலில் தையல்காரரைத் திட்டினார். பிறகு கண்ணாடியில் பார்த்தார். இடப்பக்கம், காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. தொட்டால் வலியில்லை. ரப்பர் பந்து மாதிரி விரலுக்குக் கீழே நழுவியது.

வீடு தென்காசியில். விடியும் முன்பே பஸ் பிடித்து சந்தைக்குப் போய்விடுவார். கத்தரிக்காய் மூட்டை மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் ரயில் கேட்டில் நிற்பவனுக்கும் விலை தெரிந்துவிடும். சந்தைக்காரர்கள் எதற்கும் விலை சொல்பவர்கள். கட்டிக்கும் சொன்னார்கள். கத்திக் கத்தி நரம்பு புடைத்துக்கொண்டது என்றார் கமிஷன் கடைக்காரர். சாரல் விழுந்த முதல் வாரமே ஐந்தருவியில் போய் நின்றாரே, நீர் கோத்துக்கொண்டது என்றார் சாயாக்கடைக்காரர். கடைசியில் நிலைத்தது அவர் மனைவி முத்துவடிவு வைத்த பெயர்: பொன்னுக்கு வீங்கி.

தாடையோரம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளைகளுக்கு வருவது அது. சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் கொஞ்ச நாளில் தானாக வடிந்துவிடும். அதனாலேயே சங்கிலிக்கு நல்ல பெயர்.

மனைவியின் இரட்டைவடச் சங்கிலியோடு ஆவுடைநாயகம் சந்தையில் இறங்கினார்.

“அண்ணாச்சி, மதினி சங்கிலி உங்களுக்கு எடுப்பா இருக்கே! தோடும் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்லா?” என்றான் சுமை தூக்கும் இசக்கி.

“உனக்கும் வீங்கட்டும்லே. உனக்கு வேப்பங்கொட்டையைக் கோத்துப் போடுதேன். மூட்டையைத் தூக்கு!”

சந்தையே சிரித்தது. ஆனால் ஆடி பாதியில் கட்டி உண்மையிலேயே சுருங்கியது. பொத்தான் மாட்டியது. முத்துவடிவு சங்கிலியைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைத்தாள். அந்த வீட்டில் இனி யார் சொல்லி அவள் கேட்பாள்?

புரட்டாசியில் கட்டி திரும்பி வந்தது. பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மாலையானால் காய்ச்சல். விடியும்போது பாய் நனைந்து கிடக்கும். கால் கையெல்லாம் அரிப்பு. வேட்டிக் கட்டு இடுப்பில் நிற்கவில்லை. சங்கிலி மறுபடி கழுத்தில் ஏறியது. இந்த முறை கட்டி அதற்கு மசியவில்லை; சங்கிலி பெட்டிக்கே திரும்பியது.

தென்காசியில் டாக்டர் நம்பிராஜன் கட்டியைத் தொட்டுப் பார்த்து, காசநோய் என்றார். கழுத்தில் வந்தால் கண்டமாலை. அவர் அவசரப்பட்டுச் சொன்னதாக நினைக்க வேண்டாம். இந்த ஊரில் கழுத்தில் கட்டியும் மாலைக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து வந்தால், அநேகமாக எல்லாருக்கும் அது காசநோய்தான். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தொடங்கியது.

சேதி சந்தைக்கு எட்டியதும் சாயாக்கடைக்காரர் ஒரு அலுமினிய டம்ளரைத் தனியாக ஆணியில் மாட்டினார்.

“இது யாருக்குவே?”

“கோச்சுக்காதீங்க அண்ணாச்சி. நாலு பேரு வாய் வைக்கிற கடை…”

“எனக்கு இருமல் உண்டாவே? சளி உண்டா? டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இந்தக் கட்டி உம்ம கிளாஸுக்குத் தாவாது.” டம்ளரைக் கழற்றிப் பக்கத்து மாட்டுத் தொட்டியில் போட்டார். “மாடு குடிக்கட்டும். எனக்குக் கண்ணாடிக் கிளாஸ்ல ஊத்தும்.”

ஊற்றினார்.

மாசி வரை ஊசி போட்டார்கள். நடுவே ஒருமுறை காய்ச்சல் விட்டது. கட்டியும் கொஞ்சம் இறங்கியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். பங்குனி பிறந்ததும் பழையபடி.

நம்பிராஜன் கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “மருந்து கேட்டிருக்கணும். கேக்கலை. ஒரு கட்டியை அறுத்தெடுத்துப் பார்த்திருவோம். அப்பவும் டி.பி.ன்னு வரலாம். ஆனா இதே வேஷம் போடுற நோய் இன்னொண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம்.”

“என்ன நோய்?”

“ஒரு வகைப் புற்று. ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு வச்சுக்குங்க.”

“அந்த ஒருத்தன் எங்கயாவது இருக்கத்தானே செய்வான்? அறுங்க.”

வீட்டில் பூகம்பம். முத்துவடிவின் அண்ணன் சங்கரபாண்டி ராயகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்.

“மாப்பிள்ள, கத்தி பட்டா பரவிரும். எங்க ஊர்ல ஒருத்தன் அறுத்தான், மறு மாசம் போயிட்டான்.”

“அறுக்காதவன் எத்தனை பேரு இருக்கான் உங்க ஊர்ல?”

“வெதண்டாவாதம் பேசாதீங்க. தானா ரெண்டு தடவை இறங்குச்சுல்லா?”

“தக்காளி விலையுந்தான் இறங்குது. அதுக்காக நாளைக்குச் சந்தை கூடாதா? இறங்கினது எல்லாம் முடிஞ்சது இல்ல மச்சான். இதுவரை எனக்கு நாலு நோய்ப் பேரு வச்சிட்டீங்க. அஞ்சாவது பேரைக் கட்டியே சொல்லட்டும்.”

அதற்குள் முத்துவடிவு உள்ளே போனாள். சங்கிலியைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “எந்த ஆஸ்பத்திரி? நானும் வாரேன்,” என்றாள்.

பாளையங்கோட்டையில் அறுத்தார்கள். துண்டு மதுரைக்குப் போய், பதில் தென்காசிக்கு வந்தது. நம்பிராஜன் சுற்றி வளைக்கவில்லை. “அபூர்வம்னு சொன்னேன்லா, அதுதான். ஹாட்ஜ்கின் நோய்ம்பாங்க. நெறி கட்டுற இடத்துல வர்ற புற்று. மெட்ராஸ்ல எக்ஸ்ரே மாதிரி கதிர் வைக்கிறாங்க. கழுத்தோட நிக்கும்போதே போனா சிலருக்கு நல்லாகுது.”

“சிலருக்குன்னா போதும்.”

வெளியே வந்ததும், கூட வந்திருந்த சங்கரபாண்டி கையைப் பிடித்துக்கொண்டார். வெளியில் கண்டமாலை என்றே சொல்லிக்கொள்வோம். புற்று என்று தெரிந்தால் இழவுக்கு வருவது மாதிரி வருவார்கள். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

“ஒளிச்சு வச்சாத்தான் மச்சான் எழவு,” என்றார் ஆவுடைநாயகம்.

மறுநாள் காலை சந்தையில் ஏலம் தொடங்குமுன் மூட்டை மேல் ஏறினார். கழுத்தில் கட்டுத்துணி.

“எல்லாரும் கேளுங்கவே! இந்தக் கட்டிக்கு நரம்புன்னான் ஒருத்தன், நீர்க்கோவைன்னான் ஒருத்தன். பொன்னுக்கு வீங்கி கேட்டாச்சு, கண்டமாலையும் கேட்டாச்சு. எதுவும் இல்ல. புத்து! ஒரு தரம். ரெண்டு தரம்.” நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். “இதுக்கு மேல கேக்கவன் இருந்தா இப்பக் கேளு. என் முதுகுக்குப் பின்னால கேக்கப்படாது. மூணு தரம்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற இசக்கியைப் பார்த்து, “ஏலே, நான் செத்துட்டேனா? அந்த வெண்டைக்காயைக் கொண்டா,” என்றார். அன்றைய ஏலத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்த வாரமே தென்காசி ஸ்டேஷனில் புருஷனும் பெண்டாட்டியும் மெட்ராஸ் ரயில் ஏறினார்கள். மூட்டை முடிச்சை இசக்கி ஏற்றிக் கொடுத்தான்.

கதிர் வைத்த இடத்தில் கழுத்துத் தோல் கறுத்துவிட்டது. குரலும் கொஞ்சம் கரகரத்தது. 1959 ஆவணியில் ஆவுடைநாயகம் மறுபடி மூட்டை மேல் ஏறினார். மேல் பொத்தானை மாட்டவில்லை, பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். நோய் போய்விட்டது என்று மெட்ராஸ் டாக்டர்கள் சொல்லவில்லை. தை மாதம் மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.