அடுப்பை மூடிவைத்த கங்கம்மா

"இது இன்னா?"

"வாளிக்கா."

"சத்தமா சொல்லு நைனா. கொரலு வெளிய வரல, ராத்திரி துன்னலியா?"

"வாளி!"

அதற்கப்புறம்தான் சாம்பார் விழும். வாளிக்குள் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் கிடக்கும் பருப்பையும் முருங்கைக்காயையும் கிளப்பி, இட்லி முழுகும்படி ஊற்றுவார் கங்கம்மா. பதில் சொல்லாதவனுக்குச் சட்னி மட்டும்தான். கெஞ்சினாலும் கிடையாது. தேர்தலுக்கு முந்தைய அந்த இரண்டு வாரமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு ஆலைகளுக்குத் திரும்பும் முனையில் நாஷ்டா தின்ற யாரும் "வாளி" என்று சொல்லாமல் சாம்பார் கண்டதில்லை.

லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, முதல் ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற கூட்டம் அது. சங்கு ஊதுவதற்குள் நாலு இட்லி உள்ளே போக வேண்டும். அந்த அவசரத்திலும் அவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் தைரியம் கங்கம்மாவுக்கு மட்டும்தான் உண்டு. ஐம்பதைத் தாண்டிய குள்ள உருவம். புடவைக்கு மேலே ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. உருக்கு ஆலையில் ஒப்பந்தக் கூலியாகக் கசடு பெருக்கியபோது கொடுத்த சட்டை அது. பி.எஃப். கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்ததற்கு வேலையைப் பிடுங்கினார்கள். சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். இவர் சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனிப் பேரை மட்டும் பிரித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மறு வாரம் அதே முனையில் தள்ளுவண்டி போட்டார். அன்றைக்கு ஆலை வாசலில் அவரோடு வந்து உட்கார்ந்த கட்சி எதுவோ, அதுதான் இன்றைக்கும் அவருடைய கட்சி.

சின்னக் கட்சி. பூசி மெழுக ஒன்றுமில்லை. இந்தத் தொகுதியில் அது ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வாங்கும் ஓட்டு போதாததால் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாததால் நிலையான சின்னம் இல்லை. சின்னம் இல்லாததால் ஓட்டு சேர்வதில்லை. இந்த வட்டத்துக்குள்தான் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. பெரிய கட்சிகளின் சின்னங்கள் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவர்களுக்கு ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் ஊருக்குச் சொல்லிக்கொடு என்பார்கள்.

ஒருமுறை இஸ்திரிப் பெட்டி. ஒருமுறை காலிஃபிளவர். சித்திரை வெயிலில் தெருத்தெருவாகக் காலிஃபிளவரைத் தூக்கிப் பிடித்துப் போனார் கங்கம்மா. மத்தியானத்துக்குள் அது வாடித் தலையைத் தொங்கப்போடும். சாயங்காலம் அதையே குழம்பு வைப்பார். "நாட்லயே சின்னத்த வறுத்துத் துன்ன கட்சி நம்ம கட்சிதாண்டா" என்று சொல்லி இப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

போன சட்டமன்றத் தேர்தலில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. கிடைத்த சின்னம் கேஸ் அடுப்பு. வண்டியில் இரண்டு பர்னரும் நீலமாக எரிந்துகொண்டிருக்க, அதைக் காட்டிக் காட்டியே ஓட்டுக் கேட்டார். "எங்க சின்னத்த நோட்டீசுல தேடாத. இந்தா எரியுது பாரு." அவருடைய பூத்தில் கட்சி இரண்டாம் இடம் வந்தது. ஆண்ட கட்சியும் ஆளப்போகும் கட்சியும் மோதிய பூத்தில், அதில் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம். மாவட்டக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷமும் அடுப்பைப் பற்றவைக்கும் போதெல்லாம், "நம்ம சின்னம்" என்று ஒரு தட்டுத் தட்டுவார்.

இந்தத் தேர்தலில் அந்த அடுப்பே எதிரியாக வந்தது.

கட்சி மறுபடியும் கேஸ் அடுப்பைத்தான் கேட்டது. அதே அடுப்பை இன்னொரு கட்சியும் கேட்டது. அந்தக் கட்சிக்கு இந்தத் தொகுதியில் ஒரு கொடிக்கம்பம் கிடையாது. லெட்டர்பேடில் மட்டும் உயிர் வாழ்வது. சீட்டுக் குலுக்கினார்கள். அடுப்பு அங்கே போயிற்று. போதாததற்கு அவர்கள் நிறுத்திய ஆளின் பேரும் ஜெயராஜ். கங்கம்மா கட்சியின் வேட்பாளர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெயராஜ். யார் செலவில், யார் சொல்லி அந்த இன்னொரு ஜெயராஜ் முளைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாராலும் நிரூபிக்க முடியாது.

குலுக்கல் முடிந்த சாயங்காலம் ஃபோர்க்லிஃப்ட் ஜெயராஜ் வண்டியண்டை வந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை.

"வாளி குடுத்துருக்காங்கக்கா."

"வாளியா? அதுக்கு இன்னா, சோக்காத்தான கீது? சாம்பாரு அதுலதான ஊத்தறேன். எதுக்குப் பேஜாரு பண்ணிகினு நிக்கற?"

அப்போது அவருக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் உறைத்தது. உறைக்க வைத்தவர் அப்பாவு. லாரியில் இரும்புக் கம்பி ஏற்றும் ஆள். கங்கம்மா சொன்னால் கிணற்றில் குதிப்பார். இட்லித் தட்டை வழித்து நக்கிவிட்டுச் சொன்னார்:

"கங்கம்மா, கவலய வுடு. போன தபா மாரியே, பொண்டாட்டி புள்ளைங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டேன். அடுப்பு மேல ஒரே அமுக்கு!"

பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். "ஆமாக்கா, அடுப்புதான். மறப்பமா?"

கங்கம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஐந்து வருஷமாகப் பாடம் நடத்தி மனப்பாடம் செய்ய வைத்தவர் அவர். இப்போது அந்தப் பாடம் மொத்தமும் திருடனின் கணக்கில் போய் விழப்போகிறது. இந்த ஜனங்கள் யாரும் கட்சி மாறவில்லை, காசு வாங்கவில்லை, ஏமாற்றவில்லை. விசுவாசத்தோடு போய், விசுவாசத்தோடு தப்பான பட்டனை அமுக்கப் போகிறார்கள். அதைவிடக் கொடுமை, முனையில் நாள் முழுக்க நீலமாக எரியும் அவர் வண்டியே எதிராளிக்கு விளம்பரப் பலகை.

அன்று மத்தியானமே அடுப்பை அணைத்தார். சிலிண்டரைக் கழற்றினார். அடுப்பின் மேல் பழைய தகரத்தை வைத்து, சாக்குப் பையால் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினார். வண்டிக்குப் பக்கத்தில் தரையில் மூன்று கல் வைத்தார். கம்பெனிகள் குப்பையில் வீசும் சரக்கு அடுக்கி உடைந்த பேலட் கட்டைகளைப் பொறுக்கி வந்து அடுக்கினார். இட்லிக் குண்டான் கல்லடுப்புக்கு இறங்கியது.

புகை என்றால் சாதாரணப் புகையில்லை. அந்தக் கட்டையில் ஆணியும் பெயின்ட்டும் எண்ணெயும் ஊறியிருக்கும். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டும். ஏற்கெனவே ஆலைகளின் கரி விழும் முனை. அதில் இதுவும் சேர்ந்தது. இட்லி வேக இரண்டு மடங்கு நேரம். சங்குக்குப் பயந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அடுப்பு இனிமே நம்மள்து இல்ல. அது களவு போச்சு. வாளியப் பாரு."

செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் இளமதிக்குப் பொறுக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவள், புகைக்குள் இருமிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"தோக்கறதுக்கு யாராச்சும் இவ்ளோ கஷ்டப்படுவாங்களாம்மா? கேஸ் கீது, அடுப்பு கீது, கட்டிப் போட்டுட்டு ஊதிகினு கீற. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிச்சிகினே வாளின்னு சொல்லிட்டுப் போவட்டும்."

"ஜெயிக்கப் போறதில்லன்னு உனக்கே தெரியும்ல?"

கங்கம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"ஏய், தோக்கறது வேற. போன தபா நமக்குப் போட்டாங்களே, அவுங்க இன்னா தலைக்குத் துட்டு வாங்கிகினா போட்டாங்க? நான் சொன்னேன்னு போட்டாங்க. இந்த தபாவும் நான் சொன்னத நம்பிதான் உள்ள போவாங்க. அந்த ஓட்ட எவனோ பேமானி மூட்ட கட்டித் தூக்கினு போவான், நான் நீலமா எரிய வுட்டுப் பாத்துகினு இருக்கணுமா? தோத்தாலும் எங்காளுங்க ஓட்டு எங்க கணக்குல தோக்கட்டும்."

இளமதி பையை வண்டியில் மாட்டிவிட்டுக் கல்லடுப்பு முன்னால் குந்தி ஊத ஆரம்பித்தாள்.

வடக்கிலிருந்து வந்த வெல்டர்களையும் கங்கம்மா விடவில்லை. அவர்களுக்கு இங்கே ஓட்டில்லை என்று ஜெயராஜ் எடுத்துச் சொன்னார். "ஓட்டு இல்லாட்டி இன்னா, வாயி கீதுல்ல?" என்றார். அவர்கள் "பால்டி! பால்டி!" என்று கத்துவார்கள். அது அவர்கள் பாஷையில் வாளிதான் என்று தெரிந்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கட்சி இரண்டு பாஷைக்குப் போய்விட்டதாம்.

ஒரே ஒரு ஆள்தான் அந்த வார்த்தையைச் சொல்ல மறுத்தவர். வீரராகவன். பெரிய கட்சியின் கிளைச் செயலாளர். பக்கத்துக் கிராமத்தில் நெல் வயல், சிப்காட்டில் தண்ணீர் லாரி. எந்தக் கட்சியில் இருந்தால் என்ன, காலை நாஷ்டா கங்கம்மா வண்டியில்தான்.

"இன்னாக்கா, இந்த வயசுல புகைல வெந்துகினு? எங்க பக்கம் வந்துரு. உள்ளாட்சி வரட்டும், உனக்கு மெம்பரு சீட்டு என் பொறுப்பு."

"மெம்பரு கெடக்கட்டும் நைனா. இது இன்னா, சொல்லு?" வாளியைத் தூக்கிக் காட்டினார்.

வீரராகவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப சட்னிதான்."

இரண்டு வாரமும் வெறும் சட்னி தொட்டே தின்றார் மனிதர். ஒருநாள் தொண்டை அடைத்து விக்கல்கூட வந்தது. கங்கம்மா தண்ணீர் கொடுத்தார். சாம்பார் கொடுக்கவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பூத் ஏஜென்ட்டாக உள்ளே உட்கார்ந்தார். உள்ளே போகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்தார். அடுப்பா, வாளியா என்று முகம் சொல்லாது. அப்பாவு மட்டும் வெளியே வரும்போது, போலீஸ் பார்க்காத நேரமாகப் பார்த்து, கையைத் தாழ்த்திச் சாம்பார் ஊற்றுவதுபோல் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்.

எண்ணி முடிக்கும்வரை அடுப்பின் கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை. எண்ணிக்கை திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கங்கம்மாவும் ஜெயராஜும். பக்கத்து பூத்துகளின் மெஷின்கள் முதலில் வந்தன. ஒவ்வொன்றிலும் அடுப்பு இவர்களுடைய ஓட்டில் பாதியைத் தின்றிருந்தது. ஜெயராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம் கங்கம்மாவின் பூத் வந்தது. அதிகாரி மெஷினைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பீப், ஓர் எண்.

அடுப்புக்கு ஏழு.

வாளி இரண்டாம் இடம். போன தேர்தலைவிடக் கூடுதல்.

பெரிய கட்சியின் ஏஜென்ட்டுகள்கூட ஒருமுறை வலையோரம் எட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் தொகுதி போயிற்று. டெபாசிட்டும் போயிற்று. வெளியே ஜெயித்தவர்களின் வெடிச் சத்தத்துக்கு நடுவில் ஜெயராஜ் கண்ணைத் துடைத்தார்.

"இன்னா மூஞ்சி அது?" என்றார் கங்கம்மா. "அத்தன பேருல ஏயே ஏயு பேருதான் தடுக்கி வுயுந்துருக்கான். அவனுங்க யாருன்னும் எனக்குத் தெரியும். வா, டீ குடிக்கலாம்."

மறுநாள் காலை முனையில் புகை இல்லை. கயிறு அவிழ்ந்திருந்தது. சாக்கும் தகரமும் ஓரமாகக் கிடந்தன. இரண்டு பர்னரும் நீலமாக எரிந்தன. அப்பாவு, வெல்டர்கள், எதிர்க் கடைக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் தட்டோடு நின்றார்கள். வீரராகவன் புல்லட்டை நிறுத்திவிட்டு வந்தார். பூத் கணக்கு அவருக்கும் போயிருந்தது. தட்டை வாங்கினார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வாளி!"

முனையே திரும்பிப் பார்த்தது. அப்பாவு சிரிப்பை அடக்க முடியாமல் இட்லியைத் துப்பினார்.

கங்கம்மா சிரிக்கவில்லை. அலுமினியக் குண்டானிலிருந்து கரண்டியால் மொண்டு, அவர் தட்டில் இட்லி முழுகும்படி சாம்பார் ஊற்றினார்.

"இன்னாக்கா, குண்டான்ல ஊத்தற? வாளி எங்க?" என்றார் வீரராகவன்.

"அத்த மறந்துருங்க. எல்லாருக்குந்தான் சொல்றேன், கேட்டுக்கங்க. அடுத்த தபா எந்தச் சின்னம் குடுப்பானோ, வாளி எவன் கைக்குப் போவுமோ. இப்பவே மறந்துருங்க."

சொல்லிக்கொண்டே, வண்டியின் கீழ்த்தட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வாளியை, யார் கண்ணிலும் படாதபடி, கால் நுனியால் இன்னும் உள்ளே தள்ளினார்.