ஏசுராஜ் ஒப்படைத்த துப்பாக்கி

தி.நகர் நகைக்கடை வாசலில் ஏசுராஜ் நிற்பதைப் பார்த்தால், கடைக்கு வருகிறவர்களும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள். நொச்சிக்குப்பத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். தோளில் தொங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி அவர் பெயரில் லைசென்ஸ் வாங்கிய சொந்தச் சொத்து. அது இருந்ததால்தான் அந்த வேலையே கிடைத்தது.

கொஞ்ச நாளாக, ஆளில்லாத பக்கமிருந்து ஒரு குரல் அவரோடு பேசிக்கொண்டிருந்தது. ஒருநாள், மஞ்சள் சட்டை போட்டு உள்ளே வந்தவனைக் காட்டி, உன்னைக் கொல்ல வந்திருக்கிறான் என்றது. விரல் தானாக விசைக்குப் போய்விட்டது. மஞ்சள் சட்டைக்காரர் மகளுக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார். ஏசுராஜ் அன்றே மனைவி ஜான்சியிடம் சொன்னார். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள், மாத்திரை ஆரம்பித்தது. துப்பாக்கியை என்ன செய்வது?

அது தேர்தல் நேரம். லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். கூட வேலை பார்த்த பிரபாகர் வழி சொன்னான்.

"இன்னா நைனா யோசிக்கிற? எலெக்சனுக்குன்னு சொல்லிக் குடுத்துடு. நோவுன்னு வாயத் தொறந்தே, லைசென்ஸும் காலி, வேலையும் காலி. கீழ்ப்பாக்கம் கேஸுன்னு ஊரே சிரிக்கும்."

"எலெக்சன் முடிஞ்சா கூப்ட்டுக் கையில குடுத்துடுவாங்க மச்சி. அப்பவும் அந்தக் கொரலு இருந்துச்சுன்னா?"

இஸ்திரி போட்ட சட்டையில் காவல் நிலையம் போனார். ரைட்டர் தலை நிமிராமல், "எலெக்சன் டெபாசிட்டா?" என்றார்.

"இல்ல சார். எனக்கு மனசுல நோவு. டாக்டராண்ட காட்டிக்கினு கீறேன். நானே வந்து கேட்டாலும் இத்த குடுக்காதீங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. ரைட்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கய்யா."

லைசென்ஸ் ரத்தானது. கடை மேலாளர் அப்துல் கய்யூம் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் வாசலில் இப்போது வேறொருவர். ஏசுராஜுக்குப் பின்பக்கத்து வண்டி நிறுத்துமிடம், வாயில் விசில், குறைந்த சம்பளம். குரல் அடங்கி வருகிறது.

குப்பத்துச் சாலையோரம் மீன் விற்கும் ஜான்சியிடம், சங்கரா வாங்க வந்த கோவிந்தம்மா வாயைக் கிளறினாள்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரராண்ட இருந்து துப்பாக்கியப் புடுங்கிக்கினாங்களாமே?"

ஜான்சி கத்தியைப் பலகையில் வைத்தாள். சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்றே பேசினாள்.

"எங்காளாண்ட எவன் புடுங்குவான்? தானா போயி, எனக்கு இன்ன நோவுன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துச்சு! உன் ஊட்டுக்காரர, குடிச்சாக்கா வண்டி சாவியக் குடுக்கச் சொல்லேன், பாக்கலாம்!"

"சரி சரி, மீன வெட்டு" என்றாள் கோவிந்தம்மா.